நோட்பேடிலேயே இருக்கிறேன்

திருவான்மியூர், ஞாயிறு மாலை

அன்பு நண்பா,

முழங்கால் வலி தேவலையா? இங்கே மழையைக் காணோம், புழுக்கத்துக்கு மட்டும் குறைவில்லை.

உன் மகள் போனில் ஏதோ செயலி போட்டுக் கொடுத்தாளாம். குறிப்புகளையெல்லாம் அதிலேயே எழுதலாமா, இல்லை என்னைப்போல வெறும் டெக்ஸ்ட் ஃபைலோடு இருக்கலாமா என்று கேட்டிருந்தாய்.

நானும் ஒரு செயலியில் ஆறு வருஷம் எழுதியவன்தான். அதன் பெயர் இப்போது வேண்டாம். எல்லாவற்றையும் வெளியே இறக்கியபோது படம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அத்தனை குறிப்புக்கும் ஒரே தேதி, நான் இறக்கிய தேதி!

அதற்காக டெக்ஸ்ட் ஃபைல் சொக்கத்தங்கம் என்று நினைத்துவிடாதே. 2002-இல் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தபோது, அப்பா சொன்ன கதைகளை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அடித்தேனே, ஞாபகமிருக்கிறதா? போன மாதம் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தது. அப்போது தமிழ் எழுத்தைக் கணினியில் சேமிக்க திஸ்கி, டேப், பாமினி என்று ஆளுக்கொரு குறியேற்றம். எல்லா மொழிக்கும் பொதுக் குறியேற்றமான யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். நம் தெரு பிரவுசிங் சென்டருக்கு அது வந்து சேரத்தான் அத்தனை காலம். ஆனால் எழுத்துருவின் பெயர் தெரிந்திருந்ததால், எழுத்துரு மாற்றியில் போட்டுப் பத்து நிமிஷத்தில் அப்பாவை மீட்டுவிட்டேன். செயலியில் தொலைந்த தேதிகளுக்கு அப்படி ஒரு வழி இல்லை. நான் நோட்பேடை விடாததற்கு இந்த ஒரு காரணம் போதும்.

இன்னொரு கூத்தும் உண்டு. அப்பா கதையில் கொத்தவால் சாவடி வராத பக்கமே கிடையாது. தேடினால் பாதி ஃபைலில் 'இல்லை' என்கிறது. 'கொ'வில் இருக்கும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடும் நிரலுக்கு வேறு வேறு. 'த்தவால்' என்று தேடித்தான் பிடித்தேன்.

மகள் போட்டுக் கொடுத்தது அப்சிடியன் மாதிரி என்றால் தயங்காமல் எழுது. அது குறிப்புகளை உன் கோப்புறையிலேயே மார்க்டவுன் என்கிற வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக வைக்கிறது. செயலியைத் தூக்கிப் போட்டாலும் நோட்பேடில் திறக்கும். நோட்பேடில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று, அதாவது யூனிகோடாகச் சேமிக்க மட்டும் மறக்காதே. மளிகை லிஸ்டுக்கும் டாக்டர் சீட்டுப் படத்துக்கும் நானும் செயலியைத்தான் நம்புகிறேன். வீட்டில் அவளும் பார்க்க வேண்டுமே, டெக்ஸ்ட் ஃபைலைக் காட்டினால் திட்டுவாள்.

மீட்ட ஃபைல்களில் நம் மெஸ் கணக்கும் இருக்கிறது. 2002 ஆகஸ்ட், நீ எனக்குத் தர வேண்டியது 85 ரூபாய். வட்டி வேண்டாம், அடுத்த முறை வரும்போது ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி வாங்கிக் கொடு.

உன் பழைய ரூம்மேட்