மனம் விட்டுப் பேச, கதவுள்ள ஓர் அறை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 18 வருடமாக இதே வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் கொண்டுவந்து விடும் பிள்ளைகள் மாலை நாலரை வரை என்னிடம் இருப்பார்கள். எனக்கு மனச்சோர்வு வந்தது, மருந்து எடுத்தேன், போனில் உளவளத்துணை பெற்றேன், இப்போது நன்றாக இருக்கிறேன் என்பது எங்கள் தோட்டத்தில் ஐந்து பேருக்குத்தான் தெரியும். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளிலும் பக்கத்து லயத்திலுமாக இன்னும் மூன்று பெண்கள் நான் பட்ட பாட்டையே படுகிறார்கள். முகத்தைப் பார்த்தாலே எனக்குப் புரிகிறது. அவர்கள் சொல்வதைக் கேட்க இன்றைக்குப் போனில் ஆள் இருக்கிறது. உட்கார்ந்து பேசத்தான் இடமில்லை. அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

போன வருடத்துக்கு முந்திய வருடம், ஆடி மாத மழையில் அம்மா தவறிவிட்டார். இரவு பதினொரு மணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வண்டி கேட்டு என் கணவர் மழையில் ஓடினார்; கிடைக்கவில்லை. "விடியட்டும், முதல் பஸ்ஸில் கொண்டுபோகலாம்" என்று சொன்னவள் நான். அம்மா விடியும்வரை இருக்கவில்லை.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகுதான் எனக்கு ஆரம்பித்தது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கமில்லை. ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தால் மண்ணைத் தின்பது போலிருக்கும். மடுவத்தில் பிள்ளை அழும். தொட்டில் பக்கத்திலேயே நிற்பேன், தூக்கக் கை எழாது. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. எங்கள் பக்கத்தில் இதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. "அவளுக்கு யோசனை கூடிப்போச்சு" என்பார்கள்.

மாமியார் என்மேல் உள்ள பாசத்தில் கோடாங்கியிடம் கூட்டிப்போனார். அவர் உடுக்கடித்துப் பார்த்துக் கையில் நூல் கட்டினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். "ஒங்கம்மாவுக்கு ஒம்மேல கோவமில்ல" என்று அவர் சொன்ன அன்று இரவு நன்றாக அழுதேன், கொஞ்சம் தூங்கினேன். ஆனால் ஒரு வாரத்தில் அந்த மூன்று மணி விழிப்பு திரும்ப வந்துவிட்டது.

அப்புறம் இரண்டு பஸ் மாறி அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் நல்லவர். முதலில் இரத்தம் எடுத்துப் பார்த்தார். இரத்தசோகையும் தைரொயிட் குறைவும் இதே மாதிரிச் சோர்வைக் கொடுக்குமாம். தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தம் குறைவது புதிதல்லவே, அதனால் பார்த்தது சரிதான். பிறகு குளிசை எழுதித் தந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெரிந்தது கடைச் சிங்களம். அங்கே வேலை செய்யும் ஒருவர் நடுவில் நின்று மொழிபெயர்த்தார். அவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அம்மாவின் சாவை அவர் வாய்வழியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "தூக்கமில்லை" என்று மட்டும் சொன்னேன். குளிசை பலன் தர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும், நாமாக நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் என் காதுக்கு வந்து சேரவேயில்லை. பத்து நாள் விழுங்கினேன். வயிற்றைப் பிரட்டியது, மனசு அப்படியே கிடந்தது. நிறுத்திவிட்டேன்.

என் அண்ணன் மகள் பேராதனையில் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, தமிழில் பேசும் உளவளத்துணையாளர் ஒருவரை ஒன்லைனில் தேடிப் பிடித்துத் தந்தாள். வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரம்.

முதல் நாள் லயத்துக் காம்பராவில் இருந்து பேசினேன். எங்கள் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவே உள்ள சுவர் கூரைவரை போகாது. அங்கே கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும். முக்கால் மணி நேரமும் "ம்", "இல்ல மிஸ்" தவிர என் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. இரண்டாவது வாரம் கோயிலுக்கு மேலே, சிக்னல் பிடிக்கும் பாறையில் போய் உட்கார்ந்தேன். மழைத்தூறல், கால் முழுக்க அட்டை. கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் நின்று, "என்னக்கா, இங்க வந்து யாரோட பேசுறீங்க?" என்றார்கள். மூன்றாவது வாரம்தான் எனக்கு உறைத்தது, மடுவத்தின் சாவி என் இடுப்பிலேயே இருக்கிறது. நாலரைக்குப் பிறகு அங்கே யாருமில்லை. கதவைச் சாத்தினேன். பிள்ளைகள் படுக்கும் பாயில் உட்கார்ந்து, அந்த இரவை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுச் சொன்னேன். அதுவரை கணவரிடம்கூட அப்படிச் சொன்னதில்லை.

மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்பார். அவர் தமிழ் வேறு, என் தமிழ் வேறு. ஆனாலும் நடுவில் இன்னொருவர் தேவைப்படவில்லை. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது விருப்பம் இருக்கிறதா என்று ஒன்பது கேள்வி கேட்டார். ஒன்பதாவது, சாவதே மேல் என்று தோன்றுகிறதா என்பது. சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டார். ஆமாம் என்றேன். மரக்கறிப் பாத்திக்கு அடிக்க வைத்திருந்த மருந்தை அன்றைக்கே வீட்டைவிட்டு அப்புறப்படுத்தச் சொன்னார். கணவரிடம் பேச என்னிடம் அனுமதி கேட்டார். 1926 என்ற இலக்கத்தைச் சுவரில் எழுதி வைக்கச் சொன்னார். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. 24 மணி நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். சாவைப் பற்றி இப்படி நேராகக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போலிருந்தது.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டளவில் உலகிலேயே தற்கொலை அதிகமாக நடந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த ஒரு நேரத்தைத் தாண்டிவிட்டால் மனிதன் பிழைத்துக்கொள்கிறான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? தற்கொலைக்கு முயல்வது சட்டப்படி குற்றமாக இருந்ததும் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் "பொலிசு வரும்" என்ற பயத்தில் இன்றைக்கும் தோட்டங்களில் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்குகிறார்கள்.

மிஸ் செய்தது அறிகை நடத்தைச் சிகிச்சை, அதாவது நினைப்பையும் செய்கையையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்ப்பது. 1960களில் அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் தொடங்கிய முறையாம். என் அனுபவத்தில் அது ஒரு சீ.ஆர். கொப்பி. முதல் வாரம் அதில் ஒரேயொரு வேலை: காலையில் எழும்பியதும் லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றியதும் மனசு எப்படி இருக்கிறது என்று பத்துக்கு ஒரு புள்ளி போட வேண்டும். மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம், செய்யச் செய்யத்தான் மனசு வரும் என்றார். முதல் நாள் ஒன்று போட்டேன். பன்னிரண்டாம் நாள் நான்கு. பிறகு கொப்பியின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் "அம்மாவைக் கொன்றது நான்" என்று எழுதினேன். மறுபக்கம் அந்த இரவு நடந்ததை மட்டும் எழுதச் சொன்னார். வண்டி இல்லை. டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. பாதையில் மண் சரிந்திருந்தது. அம்மாவே, "இந்த மழையில வேணாம்" என்று சொன்னார். அந்தக் கடைசி வரியை எழுதும்வரை அது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.

மருந்து எழுதித் தருவது தன் வேலையில்லை என்று சொல்லி, கிளினிக்குக்கே திரும்ப அனுப்பியவரும் அவர்தான். என் கதையைச் சிங்களத்தில் ஒரு பக்கமாக எழுதுவித்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். டொக்டர் அதைப் படித்தார். இந்த முறை குளிசையை ஒழுங்காக எடுத்தேன். ஐந்தாம் வாரம் ரொட்டியில் உப்புக் குறைவு என்று சொன்னேனாம், மாமியார் அதைக் கேட்டு அழுதுவிட்டார். நோய் மாறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்றார்கள், தொடர்ந்தேன்.

கை வைத்தியம், சாமி, மூச்சுப் பயிற்சி எல்லாம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். காலையில் கோயில்வரை ஏறி இறங்கும் நடை எனக்கு நல்லது செய்தது. உடலை அசைப்பது மனச்சோர்வுக்கு உதவும் என்று டொக்டர்மாரும் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை பஜனைக்குத் திரும்பப் போன நாள் என் கொப்பியில் ஆறு புள்ளி. கையில் கட்டிய நூலை மிஸ் ஒருநாளும் அவிழ்க்கச் சொன்னதில்லை. ஆனால் சைப்ரஸில் வேலை செய்யும் நாத்தனார் "மூலிகைதானே, பயமில்லை" என்று அனுப்பிய செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் குளிசையை வேண்டவே வேண்டாம் என்றார். லேசான சோர்வுக்கு அது உதவலாம். மனச்சோர்வு மருந்தோடு சேர்த்தால் ஆபத்து. கர்ப்பத்தடைக் குளிசையின் பலனையும் அது குறைத்துவிடும். மூலிகை என்று யார் தந்தாலும் கிளினிக்கில் காட்டிவிட்டு விழுங்குங்கள், தாய்மாரே.

போனில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. காதில் குரல் கேட்கிறவர்கள், சாப்பாட்டையே விட்டவர்கள், உயிரை விடத் துணிந்தவர்கள் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். என்னைப் போல நடமாடிக்கொண்டே உள்ளுக்குள் அழுகிறவர்களுக்கு இது உதவும்.

"யோசனை" என்று நாங்கள் சொல்வதை மிஸ்ஸிடம் சொன்னபோது, ஸிம்பாப்வே நாட்டிலும் ஷோனா மொழியில் இதற்கு "அதிகமாக யோசிப்பது" என்றுதான் பெயர் என்றார். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், டொக்டர்மார் போதாத ஊரில், பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்துச் சுகாதார நிலைய வளவில் ஒரு வாங்கில் உட்கார வைத்தாராம். வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மனசைக் கொட்டுவார்கள். அது பலன் தருகிறதா என்று முறையாக ஆராய்ந்து 2016இல் வெளியிட்டிருக்கிறார்கள். வழமையான கவனிப்பைவிட நல்ல பலன் இருந்ததாம்.

அங்கே ஒரு வாங்கு போதுமாக இருந்தது. இங்கே மழை, அதனால் கூரையும் கதவும் வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் பிள்ளை மடுவம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, நாலரைக்கு மேல் வெறுமையாகக் கிடக்கிறது. வாரத்தில் ஒரு மாலை அதைத் திறந்து, சிக்னல் கிடைக்காத இடத்தில் ஒரு இணைப்பும் கொடுத்தால் போதும், பேச விரும்புகிறவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வருவார். நிர்வாகங்களும், சங்கங்களும், சுகாதார அமைச்சும் இதைச் செய்யப் பெரிய பணம் தேவையில்லை. கிளினிக்குகளில் தமிழ் பேசும் ஒருவரை, அயலூர்க்காரராக இல்லாத ஒருவரை, மொழிபெயர்க்க வைப்பதும் அவசரம்.

எங்கள் மடுவத்தைப் புதன்கிழமைகளில் ஆறு மணிவரை திறந்து வைக்க அனுமதி கேட்டு மனுக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அந்த மூன்று பெண்களில் ஒருவர் போன வாரம் மடுவம் கூட்ட எனக்கு உதவுவதாகச் சொல்லி உள்ளே வந்தார். நான் வெளியே திண்ணையில் இருந்தேன். அவர் முக்கால் மணி நேரம் பேசினார்.

என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிள்ளை மடுவப் பொறுப்பாளர்,
பொகவந்தலாவை.