ஞாபகக் கணக்கெடுப்புக்குப் புள்ளிக்கு 1,000 ரூபாய்

அன்புடையீர், வணக்கம்.

காரைக்குடி வட்டாரத்தில் ஞாபகம் தப்பிய பெரியவர்களை வீடு வீடாகப் போய்க் கண்டறியவும், அவர்களுக்கு ஒரு பகல் இல்லம் நடத்தவும் நிதி கேட்டு எழுதுகிறோம். புள்ளி என்றால் ஒரு பங்கு. போன தை மாதக் கூட்டத்தில் நாங்கள் ஒரு வேலை செய்து பார்த்தோம். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, கண்டனூர், புதுவயல் ஆகிய ஊர்களில் ஞாபகம் தப்பிப்போன பெரியவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதினோம். பத்துப் பேர் உட்கார்ந்து அரை மணி நேரம் யோசித்தும் 11 பெயருக்கு மேல் வரவில்லை.

இந்திய அளவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா (மறதி நோய்) இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறது. தலைக்கணக்கில் ஏறக்குறைய 88 லட்சம் பேர். நகரத்தைவிடக் கிராமத்தில் கூடுதல், ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதல். இந்த ஊர்களில் 1,200 பெரியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட 88, 89 பேர் வர வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது 11. மீதிப் பேர் எங்கே?

வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் வீட்டில் ஓர் ஆச்சி, ஒரு சமையல்காரம்மா. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப்பில் பத்து நிமிடம் பேச்சு. "சாப்பிட்டியாப்பா? பேரன் படிக்கிறானா? வெயில் அதிகமா?" இந்த மூன்று கேள்வியை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தை எந்த ஆச்சியும் ஓட்டிவிடுவார். நான் பார்க்கப் போன ஓர் ஆச்சி ஒரே பிற்பகலில் நான்கு முறை என்னைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பொழுது சாய்ந்ததும் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும், பெட்டகம் பூட்டாமக் கிடக்கு" என்று கிளம்பினார். அவர் நின்றது அவர் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்).

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பச்சி (அப்பா) வட்டிச்சிட்டை பார்த்தே வளர்ந்தவர். ஐந்தொகை எடுத்தால் காலணா இடிக்காது. அப்படிப்பட்டவர் ஒரே நாள் பால் கணக்கை இரண்டு தடவை எழுதி, பால்காரர் ஏமாற்றுகிறார் என்று சத்தம் போட்டார். எங்களுக்கு அது கோபமாகத்தான் தெரிந்தது, நோயாகத் தெரியவில்லை. மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். மூச்சு விடாமல் 93, 86, 79 என்று இறங்கினார். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அறுபது வருஷம் கணக்கு எழுதிய கைக்கு அந்தக் கேள்வி ஒரு பொருட்டா? மூன்று சொல்லைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரிய வந்தபோது இரண்டரை வருஷம் போயிருந்தது.

இதே சோதனை இன்னொரு பக்கமும் தப்பும். பள்ளிக்கூடமே போகாத ஆச்சியிடம் கடிகாரம் வரையச் சொன்னால் பென்சிலை வாங்கவே கூச்சப்படுவார். தேதி கேட்டால் தெரியாது. பிள்ளையார் நோன்புக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேளுங்கள், விரல் விட்டு எண்ணிச் சொல்வார். ஆகவே இந்த மண்ணுக்கு ஒத்துவரும் கேள்விகளோடு வீடு வீடாகப் போக வேண்டும். ஒரு தடவை பார்த்தால் போதாது. அதே ஆளை அடுத்த வருஷமும் பார்த்தால்தான் இறக்கம் தெரியும். ஐதராபாத்தில் 648 டிமென்ஷியா நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு, ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களைவிட நோய் சுமார் நாலரை வருஷம் தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்தத் தாமதம் தெரிந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்க (தொழில் செய்ய)ப் போன குடும்பங்களின் ஊர் இது. பர்மியமும் மலாயும் பேசிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடமும் இதைக் கேட்டுப் பார்க்க எங்களுக்கு ஆசை.

"குணமாக்க மருந்தே இல்லையாமே, கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரைக் குணமாக்கும் மருந்து இல்லை என்பது உண்மை (யாராவது லேகியம் விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்). 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனமாப் மருந்துகூட, ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு இறக்கத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மறதி எல்லாமே அல்சைமர் இல்லை. தைராய்டு குறைந்தாலும், பி12 சத்து குறைந்தாலும், மனச்சோர்வு வந்தாலும் புத்தி தடுமாறும். இவற்றுக்கெல்லாம் சிகிச்சை உண்டு.

விழுந்ததால் வருவது இன்னொன்று. வளவில் (உள்முற்றத்தில்) மழைத்தண்ணீர் தெறித்து ஆத்தங்குடித் தரைக்கல் வழுக்கும், நிலைப்படியோ முழங்கால் உயரம். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி வழுக்கி விழுந்து பின்மண்டையில் லேசாக இடித்துக்கொண்டார். வீக்கம்கூட இல்லை. மூன்று வாரம் கழித்துப் பேச்சு குழறியது, மருமகளை மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆச்சிக்கு மறதி வந்துவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். விடுமுறைக்கு வந்த பேத்திதான் பிடிவாதமாக சிடி ஸ்கேன் எடுக்க வைத்தாள். மண்டை ஓட்டுக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தது. வயதானால் மூளை சற்றுச் சுருங்கும். அதற்கும் ஓட்டுக்கும் நடுவே ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். சின்ன இடியில் ஒன்று கிழிந்து வாரக்கணக்கில் கசியும். ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சிறு துளை போட்டு வடித்தார்கள். பத்தாம் நாள், சீப்புச் சீடைக்கு மாவு சரியில்லை என்று சமையல்காரம்மாவிடம் சண்டை பிடித்தார்.

திருச்சி – இராமேஸ்வரம் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் பறக்கும் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு வரி இருக்கிறது. 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, டிமென்ஷியாவுக்கு வழிவிடும் 14 காரணங்களை வரிசைப்படுத்தியது. சர்க்கரை, ரத்த அழுத்தம், காது மந்தம், தனிமை ஆகியவற்றோடு தலைக்காயமும் அதில் உண்டு. அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால் 45 சதவீதம் வரை தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்கள் கணக்கு.

சரி, பணத்துக்கு வருவோம். இரண்டு வருஷத்துக்கு 19 லட்சம் ரூபாய் தேவை. வீடு வீடாகப் போகும் இரண்டு பெண்களுக்குச் சம்பளம் 7,20,000. வாரம் இரண்டு நாள் வரும் உளவியலாளருக்கு 4,80,000. சோதனையில் சந்தேகம் வருகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை 3,00,000, ஸ்கேன் 1,80,000. மிச்சம் 2,20,000 பகல் இல்லத்துக்கு. ஒரு பழைய வீட்டின் முகப்பையும் வளவையும் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு வாடகையில்லாமல் தந்திருக்கிறார்கள் (அந்தக் கையெழுத்துகளை வாங்கியதே ஒரு தனிக் கதை). கழிப்பறையில் கைப்பிடி, நிலைப்படிகளுக்குச் சாய்தளம், தெருவுக்கு ஓடிவிடாமல் ஒரு கதவு, இவ்வளவுதான் வேலை. கையில் இருப்பது 6,40,000. வேண்டியது 12,60,000. புள்ளிக்கு 1,000 வைத்தால் 1,260 புள்ளி. புள்ளி என்று சொல்வது எங்கள் கணக்குப் பழக்கம், கோயில் வரி இல்லை. எந்தச் சமூகத்து வீடானாலும் பெரியவர் பெரியவர்தான், சோதனையும் எல்லோருக்கும்தான்.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். நாங்கள் கேட்பது அதில் ஒரு துளி.

ஒரு பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. "ஆச்சிக்கு ஞாபகம் இல்லை என்று எழுதிவிட்டால், நாளைக்குப் பாகப்பிரிவினையில் அவர் கையெழுத்து செல்லாது என்பார்களே?" சோதனை முடிவு அந்தப் பெரியவருக்கும் அவர் கைகாட்டும் ஒருவருக்கும் மட்டும்தான். பங்காளி வந்து கேட்டாலும் காட்ட மாட்டோம். சொத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வினாத்தாளில் இல்லை. ஆய்வுக்குப் போகும் தாளில் பெயரும் கதவு எண்ணும் இருக்காது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்த பிறகே முதல் வீட்டுக்குப் போவோம், அதுவரை பணம் வங்கியில் இருக்கும்.

கணக்கு எண் ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கிறது. 80ஜி சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறோம், இன்னும் வரவில்லை. வரிவிலக்கை நம்பிக் கொடுக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவுகள் இப்போது அனுப்ப வேண்டாம், எங்களால் சட்டப்படி வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பலாம்.

அப்புறம், பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. பெற்ற மகளை அடையாளம் தெரியாத ஓர் ஆச்சி, ஓலையைக் கையில் கொடுத்ததும் கொட்டானை (ஓலைக்கூடையை) முடைந்து விளிம்பு கட்டி முடித்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அதனால் பகல் இல்லத்துக்குப் பனையோலை, எழுதாத பழைய பேரேடு, பூட்டோடு கூடிய பெரிய சாவிக்கொத்து என்று எது இருந்தாலும் கொடுங்கள். பல்லாங்குழிக்குச் சோழி வந்து சேர்ந்துவிட்டது, பலகைதான் இன்னும் யாரும் தரவில்லை.

இப்படிக்கு,
செயலர், ஞாபகக் கணக்கெடுப்பு நிதிக் குழு
காரைக்குடி வட்டாரம்