ஓட்டக் குழுவின் ஆண்டறிக்கை: ஆம்ஸ்டர்டாமில் மூன்று நாள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சனிக்கிழமை ஓட்டத்தை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். வாரப் பயிற்சியைப் பற்றிச் சொல்லவும் அதிகமில்லை. வழக்கம்போல ரைன் ஆற்றங்கரையில் நடந்தது, பனி கொட்டிய இரண்டு வாரம் மட்டும் நின்றது. உறுப்பினர்கள் 34 பேர். அதில் ஏழு பேரின் சந்தா பாக்கி. யார் யார் என்று அவர்களுக்கே தெரியும்.

இவ்வாண்டு உருப்படியாகச் செய்த காரியம், ஏப்ரலில் போய்வந்த ஆம்ஸ்டர்டாம் பயணம். சென்ற பொதுக்குழுவில் இதைப் பற்றி நடந்த வாக்குவாதம் நினைவிருக்கும். ஓடப் போன ஊரில் படத்துக்கு முன்னால் நின்று என்ன பயன் என்று ஒரு தரப்பு. இவ்வளவு தூரம் போய் முன்னால் ஓடுபவரின் முதுகைத்தான் பார்க்கணுமா என்று இன்னொரு தரப்பு. கடைசியில் காலையில் ஓட்டம், அப்புறம் மியூசியம் என்று முடிவானது. 14 பேர் ரயிலில் போனோம். வழித்திட்டமும் டிக்கெட்டும் என் பொறுப்பு. நடந்த குளறுபடிகளுக்கும் நானே பொறுப்பு.

முதல் நாள் காலை ஆறே முக்காலுக்கு வோண்டல் பூங்காவில் தொடங்கினோம். 1865இல் திறந்த பூங்கா. ஒரு சுற்று மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். சிக்னல் இல்லை, கார் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். கால்வாய்ப் பக்கமும் ஒரு சுற்று போகலாம் என்று நான்தான் சொன்னேன். அங்கே ஹேரன்கிராக்ட், கைசர்கிராக்ட், பிரின்சென்கிராக்ட் என்று மூன்று பெரிய கால்வாய்கள், ஒன்றையொன்று சுற்றி அரைவட்டமாக வளைகின்றன. நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே திசை மாறிவிடுவோம். பாலங்களும் ஒன்றுபோலவே இருக்கும், குறுகலான உயர்ந்த வீடுகளும் அப்படித்தான். வீட்டு உச்சியில் எதற்குக் கொக்கி என்று ஒருவர் கேட்டார். உள்ளே மாடிப்படி ஒடுக்கம் என்பதால் கட்டில் பீரோவையெல்லாம் கயிறு கட்டி ஜன்னல் வழியாக ஏற்றுவதற்கு. இதை நின்று விளக்கியதில்தான் வழி தவறினேன் என்று நினைக்கிறேன். எட்டு கிலோமீட்டர் பதினொன்றானது. சிவப்புத் தாரில் போட்ட சைக்கிள் பாதையில் இறங்கி ஓடிய மூவருக்கு மணியடியும் கிடைத்தது, டச்சு மொழியில் அறிவுரையும் கிடைத்தது.

அடுத்து, ஓவியர் வான்கோவின் படங்கள் உள்ள வான்கோ மியூசியம். அதற்கு நேரம் குறித்து முன்பதிவு செய்துதான் போக வேண்டும். ஒன்பதரைக்குப் போட்டிருந்தேன். குளிக்க நேரமில்லை. அறைக்குப் போய்த்தான் தீருவேன் என்ற இருவரின் டிக்கெட் வீணானது. கணக்கில் 'இதர செலவு' என்று பொருளாளர் காட்டியிருப்பது அதுதான். மற்ற 12 பேரும் வியர்த்த பனியனோடு, 1889இல் வரைந்த சூரியகாந்திப் படத்தின் முன் போய் நின்றோம். கூட்டம் கொஞ்சம் விலகி இடம் விட்டது. மரியாதை என்றார் தலைவர். நான் மறுத்துப் பேசவில்லை.

அன்று கற்ற இன்னொரு பாடம்: பதினொரு கிலோமீட்டர் ஓடியதைவிட, அதற்குப் பிறகு கல் தரையில் இரண்டு அடி வைத்து நின்று, மறுபடி இரண்டு அடி வைத்து நின்றதுதான் காலைக் கொன்றது. ஓடும்போது கெண்டைச் சதை ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். நின்றால் கீழேயே தேங்கும். மதியம் பெஞ்சைக் கண்ட இடத்திலெல்லாம் நம் ஆட்கள்தான்.

ஆகவே இரண்டாம் நாள் நான்கே கிலோமீட்டர், அதுவும் பேசிக்கொண்டே. குளித்து, சாப்பிட்டு, நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ்மியூசியம். 1885இல் திறந்த இந்தக் கட்டடத்தின் வயிற்றுக்குள்ளேயே சாலை புகுந்து போகிறது. பத்தாண்டுப் புதுப்பிப்பு வேலையின்போது அந்தப் பாதையை மாற்றப் பார்த்தார்கள், சைக்கிள்காரர்கள் சண்டைபோட்டு மீட்டார்கள். அக்டோபரில் நடக்கும் ஆம்ஸ்டர்டாம் மாரத்தானும் இதற்குள் நுழைந்துதான் போகிறது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642இல் முடித்த 'இரவுக் காவல்' படத்தைப் பார்த்ததும், மாரத்தான் தொடக்கக் கோடு மாதிரி இருக்கிறதே என்றார் ஒருவர். சரிதான். ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள், ஒருவர் துப்பாக்கியில் மும்முரமாக மருந்து நிரப்புகிறார், தம்பட்டக்காரரைப் பார்த்து நாய் குரைக்கிறது, இன்னும் யாரும் கிளம்பவில்லை.

ஆனால் அதிக நேரம் நின்றது அங்கே அல்ல. ஆசியப் பிரிவுக்கு, தண்ணீர் சூழ்ந்த தனிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. உள்ளே நம் ஊர் நடராசர், சோழர் காலச் செம்பு வார்ப்பு. ஒன்றரை மீட்டர் உயரம், சுமார் 300 கிலோ எடை. ரோட்டர்டாம் துறைமுகத்தில் கன்டெய்னர்களைச் சோதிக்கும் எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தபோது, திருவாசி உட்பட எங்கும் பொள்ளல் இல்லை, முழுக்கக் கனவார்ப்பு என்று தெரிந்ததாம். கோயிலில் பட்டும் மாலையும் மறைத்துவிடும். இங்கே பின்பக்கம்கூடச் சுற்றிப் பார்க்கலாம். முயலகன் மேல் ஊன்றிய வலது காலில் முட்டி மடங்கியிருப்பதைப் பார்த்து, முட்டி வலிக்காரரான நம் முன்னாள் செயலாளர், எடை முழுவதும் இந்த ஒரு காலிலா என்று பெருமூச்சு விட்டார். அம்மா ஒருவர் பழக்கதோஷத்தில் ஷூ லேஸை அவிழ்க்கக் குனிந்துவிட்டார்.

மூன்றாம் நாள் 1928 ஒலிம்பிக் அரங்கம் வரை ஓடினோம். இந்தியா ஹாக்கியில் முதல் தங்கம் வாங்கியது இங்கேதான். இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 3–0 என்று வென்றார்கள். அந்தப் போட்டி முழுவதிலும் இந்தியா ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஒலிம்பிக் தடகளத்தில் பெண்கள் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டு, அதே அரங்கில். மகளிர் அணியினர் வாசலில் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம்தான் இவ்வறிக்கையின் அட்டை.

செயற்குழு முடிவு: நீண்ட ஓட்டமும் பெரிய மியூசியமும் இனி ஒரே நாளில் இல்லை. டிக்கெட் பதிவு செய்பவரும் வழி காட்டுபவரும் வேறு வேறு ஆட்கள். அடுத்த ஆண்டுக்கு வியன்னா பேச்சில் இருக்கிறது. கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே 2019இல் இரண்டு மணி நேரத்துக்குள் மாரத்தான் தூரத்தை ஓடி முடித்த பிராட்டர் பூங்காச் சாலையில் ஓட்டம், மறுநாள் மியூசியத்தில் பழைய ஓவியர் புரூகலின் ஓவியங்கள்.

வர விரும்புவோர் தேநீர் மேசையில் உள்ள தாளில் பெயர் எழுதவும். சந்தா பாக்கிக்காரர்கள் பேனாவைத் தொடுமுன் தன்னைப் பார்க்க வேண்டும் என்று பொருளாளர் சொல்லச் சொன்னார்.

செயலாளர்