தயிர்ச் சட்டியோடு ஒரு கடிதம்

செங்கலடி
செவ்வாய்க்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பெரியப்பாவின் மகன் நாளைக்குக் கண்டி பஸ் ஏறுகிறான். அவனிடம் ஒரு சட்டி எருமைத் தயிரும் அம்மா சுட்ட பயற்றம் பணியாரமும் கொடுத்துவிடுகிறோம். தயிரை வைத்துப் புளிக்கவிடாதே, அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. கடிதத்தை மட்டும் தனியாக இருந்து வாசி.

போன் இருக்க ஏன் கடதாசி என்று யோசிப்பாய். சொல்கிறேன்.

போன கிழமை எங்கள் வளாகத்தில் ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் சேர்த்து சைபர் பாதுகாப்பு வகுப்பு வைத்தார்கள். படிப்பித்தது உன்னைவிட நாலைந்து வயது மூத்த பிள்ளை ஒன்று. நீயும் ஒரு நாள் இப்படி நின்று படிப்பிப்பாய் என்று நினைத்துக்கொண்டு இருந்ததில், முதல் பத்து நிமிடம் அவள் சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

மறுகாதான் கவனித்தேன். 2023இல் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவைக்குள் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்து, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்த மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்காமலே போய்விட்டன. அந்த நாட்களுக்குப் பிரதி எடுத்து வைக்கப்படவில்லை. பரீட்சைப் புள்ளி, சம்பளப் பட்டியல் எல்லாம் எங்கள் மேசையில்தானே கிடக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அப்புறம் பாஸ்வேர்ட். நீளமாக வை. பிறந்த திகதியை வைக்காதே. ஒன்றையே எல்லாவற்றுக்கும் போடாதே. பாஸ்வேர்ட்டுக்குப் பிறகு இன்னொரு இலக்கமும் கேட்கும் இரண்டு அடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவை. யாருக்கும் சொல்லாதே. வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்று ஓர் இடம் இருக்கிறது, இன்றைக்கே திறந்து பார். உன்னுடையது அல்லாத கொம்பியூட்டர் ஏதும் அதில் இருந்தால் உடனே வெளியேற்றிவிடு. உன் போன் ஒரு நிமிடம் வேறொருவர் கையில் இருந்திருந்தால் போதும். இரவல் வாங்கிய லப்டொப்பில் நீ திறந்துவிட்டு மூட மறந்திருந்தாலும் போதும். நீ எழுதுவதையும் உனக்கு வருவதையும் அங்கே இருந்து வாசிக்கலாம். அதனால்தான் இது கடதாசியில் வருகிறது.

மூன்று கிழமையாக வாட்ஸ்அப்பில் உன் படத்தைக் காணவில்லை. பேஸ்புக்கையும் மூடிவிட்டாய் என்று சின்னவன் சொன்னான். எடுத்தால் “லெக்சர் இருக்குப்பா” என்கிறாய். இரவு ஒன்பதரைக்கும் லெக்சரா மகள்? நான் ஒன்றும் கேட்கவில்லை. பரீட்சை நெருங்கினால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறா. அவவோடு இரண்டு வார்த்தை பேசவும் உனக்கு நேரம் இல்லையா? வீட்டில் முதன்முதல் வளாகத்துக்குப் போன பிள்ளை என்று இந்த ஒழுங்கையில் சொல்லாத வீடு இல்லை, அதுவும் உனக்குத் தெரியும்.

வகுப்பில் படிப்பித்த பிள்ளை சொன்ன இன்னொன்றை உன் அறைத்தோழிகளுக்குச் சொல்லிவை. யாருக்காவது உதவும். ஒருத்தியின் படத்தை வைத்துக்கொண்டு ஒருவன் மிரட்டினால் காசு கொடுக்கவே கூடாது. கொடுத்தால் அடுத்த கிழமையும் கேட்பான். பயத்தில் எதையும் அழிக்கவும் கூடாது. நம்பரும் திகதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத்தான் அவனை பிளாக் பண்ண வேண்டும். பதினெட்டு வயது தாண்டியவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ என்று ஓர் இணையதளம் இருக்கிறது. அதற்குப் படத்தை அனுப்பத் தேவையில்லை. படம் அவளுடைய போனிலேயே இருக்கும். கைரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும் அதிலிருந்து எடுக்கப்படும். அதை வைத்து பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்றவை அந்தப் படத்தைத் தங்கள் பக்கம் பரவாமல் தடுக்கும். நான் இதைக் கொப்பியில் இரண்டு தரம் எழுதினேன். இணையப் பிரச்சினைகளுக்கு உதவும் அரசாங்க நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கும் எடுக்கலாம். மிரட்டியவன்தான் குற்றவாளி. படத்தில் இருப்பவள் இல்லை.

கடைசியில் ஒரு மாணவி எழும்பி, “இப்படி நடந்தால் வீட்டில் சொல்லலாமா மிஸ்?” என்று கேட்டாள். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். படிப்பித்த பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, “வீட்டில் யார் ஏசமாட்டார்களோ அவரிடம் முதலில் சொல்லுங்கள்” என்றாள்.

சின்ன மாமி வீட்டு விஷயத்தில் நான் உன் போனை எறிந்த நாள் நினைவில் வந்தது. நீ குந்தியிருந்து சீமெந்துத் தரையில் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாய். அழவில்லை. உன்னில் பிழை இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும் மகள். தெரிந்தும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது அம்மாவுக்குத் தெரியாது. போன தை மாதம் எனக்கு ஓர் எஸ்எம்எஸ் வந்தது. பொதி வந்திருக்கிறதாம், 85 ரூபா கட்ட வேண்டுமாம். சந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கார்ட் நம்பரைப் போட்டேன். வந்த ஓடிபியையும் போட்டேன். அந்த ஓடிபி செய்தியிலேயே 64,000 ரூபா என்று இருந்தது. நான் ஆறு இலக்கத்தை மட்டும்தான் பார்த்தேன். வெட்கத்தில் இரண்டு நாள் வங்கிக்கும் எடுக்கவில்லை, அதற்குள் இன்னொரு 18,000 போய்விட்டது.

அது உன் லப்டொப்புக்குச் சேர்த்த காசு. உன்னிடம் விலை கூடிவிட்டது, பொறு என்றேன். அம்மாவிடம் சீட்டு பிந்துகிறது என்றேன். நீ ஒரு கேள்வியும் கேட்காமல் யாரிடமோ இரவல் வாங்கிப் படித்தாய். அது யாருடைய லப்டொப் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் என் கதை வெளியே வந்துவிடும் என்று. அந்த வகுப்பில் இருந்து வந்த நாளில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. உனக்கு என்ன நடந்திருந்தாலும் அதைத் தொடக்கி வைத்தவன் நான்தான்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு அம்மா சித்தாண்டிக் கோயிலுக்குப் போவா. சின்னவனுக்கு டியூசன். நான் தனியாகத்தான் இருப்பேன். உன் போனில் இருந்து எடுக்காதே. பெரியப்பாவின் மகன் திங்கள் வரை அங்கேதான் நிற்பான், அவன் போனை வாங்கி எடு. வரச் சொன்னாய் என்றால் அன்றிரவே பஸ் ஏறுவேன். அம்மாவுக்கு என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா