இரண்டு மட்டில்டாவை ஒருவராக்கி விட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் பழைய அரசிகளைப் பற்றி வந்த கட்டுரையை, மாலையில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நான் பி.ஏ. வரலாறு படித்தவள். இங்கிலாந்து வரலாறு எங்களுக்கு ஒரு தாளாகவே இருந்தது. சிறைப்பட்ட கணவர் ஸ்டீபனை மீட்கப் படை திரட்டிய மட்டில்டா, அடுத்த ஆண்டு ஆக்ஸ்போர்டு கோட்டையிலிருந்து பனியில் தப்பினார் என்ற இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். படை திரட்டியவர் ஒரு மட்டில்டா. பனியில் தப்பியவர் வேறொரு மட்டில்டா. முன்னவர் படை திரட்டியதே பின்னவரை எதிர்த்துத்தான்.

தப்பு எப்படி நேர்ந்திருக்கும் என்று புரிகிறது. அந்தக் குடும்பத்தில் திரும்பிய பக்கமெல்லாம் மட்டில்டா. 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த முதலாம் வில்லியமின் மனைவி, ஃப்ளாண்டர்ஸ் நாட்டு மட்டில்டா. அவர் மகன் முதலாம் ஹென்றி 1100-ல் மணந்த ஸ்காட்லாந்து இளவரசிக்குப் பிறந்தபோது வைத்த பெயர் ஈடித். அரசியானதும் அவரும் மட்டில்டா ஆனார். அவர்கள் மகள் மட்டில்டா. மகன் வில்லியமுக்கு வாய்த்த மனைவியும் மட்டில்டா. 1120-ல் 'வெள்ளைக் கப்பல்' மூழ்கி அந்த வில்லியம் இறந்தபோது கூடவே மூழ்கிப்போன, ஹென்றிக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த மகளின் பெயரும் அதுதான்.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. எனக்கு வைத்தது அப்பாவைப் பெற்ற ஆயாவின் பெயர். மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று எங்கள் அம்மா கடைசி வரை என்னைப் 'பெரிய பொண்ணு' என்றே கூப்பிட்டார். ராயபுரத்தில் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு அஞ்சலை இருக்கிறார்கள். மீன்கார அஞ்சலை, இட்லிக்கடை அஞ்சலை, டியூஷன் அஞ்சலை என்று சொன்னால் சின்னப் பிள்ளைகூட சரியான வாசலில் வந்து நிற்கும். தாளில் ஏறும்போதுதான் வினை. மகளிர் குழுக் கடனுக்கு நான் கட்டிய 1,500 ரூபாய், வங்கியில் இட்லிக்கடை அஞ்சலையின் கணக்கில் வரவாகிவிட்டது. இரண்டு பேருக்கும் முதலெழுத்து 'மு'. அந்த மாதம் நான் தவணை தவறியவள் ஆனேன். கசங்கிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு முறை வரிசையில் நின்றேன். நான் கட்டியதை இன்னொருவர் கட்டியதாக எழுதிவிட்டால் வயிறு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் கட்டுரையில் அப்படிக் காணாமல் போனவர் ஸ்டீபனின் மனைவி, பூலோன் நாட்டு மட்டில்டா. அவர் செய்ததெல்லாம் மற்றவர் கணக்கில் ஏறிவிட்டது.

மற்றவர், முதலாம் ஹென்றியின் மகள். ஜெர்மானியப் பேரரசர் ஐந்தாம் ஹென்றியை மணந்ததால் பேரரசி மட்டில்டா. 1125-ல் கணவர் இறந்த பிறகும் அந்தப் பட்டத்தை அவர் விடவில்லை. கப்பலில் மகனை இழந்த அப்பா, இனி மகள்தான் வாரிசு என்று பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினார். ஆனால் 1135-ல் அவர் கண்ணை மூடியதும் முந்திக்கொண்டு முடிசூடியவர் ஸ்டீபன். உறவைப் பாருங்கள்: ஸ்டீபன் பேரரசிக்கு அத்தை மகன். ஸ்டீபனின் மனைவி அவருக்குச் சித்தி மகள், நம் கணக்கில் தங்கை முறை. கடைசியில் அக்காவும் தங்கையும் படையோடு எதிரெதிரே நின்றார்கள்.

1141 பிப்ரவரியில் லிங்கன் போரில் ஸ்டீபன் பிடிபட்டு பிரிஸ்டலில் சிறை வைக்கப்பட்டார். பேரரசி முடிசூட லண்டனுக்கு வந்தார். கணவரை விட்டுவிடுங்கள் என்று பூலோன் மட்டில்டா கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. அப்புறம்தான் கென்ட் பக்கமிருந்து படையைக் கொண்டுவந்து, தேம்ஸ் ஆற்றின் தென்கரையைக் கொளுத்தினார். ஜூன் 24 அன்று லண்டன் மக்கள் மணியடித்துத் திரண்டார்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் சாப்பிட உட்கார்ந்த பேரரசி, எழுந்து குதிரையேறி ஓட வேண்டியதாயிற்று. இங்கிலாந்து முடி அவர் தலையில் ஏறவே இல்லை. செப்டம்பரில் வின்செஸ்டரில் பூலோன் மட்டில்டாவின் படை பேரரசியின் அண்ணன் முறையான ராபர்ட்டைப் பிடித்தது. ராபர்ட்டுக்குப் பதில் ஸ்டீபன் என்று பேச்சு முடிந்தது. ஸ்டீபன் சிறையிலிருந்து வெளியே வர, ராபர்ட் ஊர் திரும்பும்வரை பிணையாக பிரிஸ்டலில் போய் இருந்தவர் யார் தெரியுமா? பூலோன் மட்டில்டாவேதான், பெற்ற மகனையும் கூட்டிக்கொண்டு. எனக்கு அந்தப் பனி இரவைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

பேரரசியின் துணிவைக் குறைத்துச் சொல்லவில்லை. 1142 டிசம்பரில், முற்றுகையிட்ட ஸ்டீபனின் படைக்கு நடுவே, உறைந்து கிடந்த தேம்ஸைக் கடந்து நடந்தே தப்பியது சாதாரண காரியமா? ஆனால் அது அவருடையது, அவர் பெயரிலேயே இருக்கட்டும். அவர் மகன் இரண்டாம் ஹென்றி 1154-ல் அரசரானார். பூலோன் மட்டில்டா அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இறந்து, தாமும் கணவரும் நிறுவிய ஃபேவர்ஷாம் மடத்தில் அடக்கமாகிவிட்டார். 1167-ல் இறந்த பேரரசியின் கல்லறையில், பிறப்பால் பெரியவள், மணத்தால் அதிலும் பெரியவள், மகப்பேற்றால் மிகப் பெரியவள், ஹென்றியின் மகள், மனைவி, தாய் என்று லத்தீனில் எழுதினார்கள். அப்பா, கணவர், மகன் மூவருமே ஹென்றி! அந்த வரிகளில் மட்டில்டா என்ற பெயரே இல்லை. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டபோது பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு திருத்தம் போடுங்கள். முதல் வரியில் ஒரு தடவை ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு வெறும் மட்டில்டா என்று விடாமல், ஒவ்வொரு இடத்திலும் பூலோன் மட்டில்டா, பேரரசி மட்டில்டா என்றே அச்சிடுங்கள். எழுத்து கூடும், இடம் பிடிக்கும், பரவாயில்லை. என்னிடம் படிக்கும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு பேரையும் சிவப்பிலும் நீலத்திலும் பிரித்து வம்சப் படம் வரைந்திருக்கிறாள். இத்துடன் வைத்திருக்கிறேன். வண்ணத்தில் போட முடியாவிட்டால் ஒருத்தியைச் சுற்றி வட்டமும் இன்னொருத்தியைச் சுற்றிக் கட்டமும் போட்டுக்கொள்ளலாம் என்று அவளே சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
டியூஷன் அஞ்சலை,
ராயபுரம், சென்னை-13