அந்த ஐந்து மைல்

மேமியோ
12.1.2019, சனி இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம். கால் மட்டும்தான் என் சொல் கேட்கமாட்டேன் என்கிறது. போனில் தட்டினால் எழுத்துக்கு எழுத்து தப்பு வருகிறது. அதனால் விடுதிக்காரரிடம் ஒரு நோட்டு வாங்கி எழுதுகிறேன். படம் பிடித்து வைபரில் அனுப்புவேன். படித்துவிட்டு அம்மாவுக்கு அனுப்பிவிடாதே. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

சாயங்காலம் நீ போட்டிருந்ததைப் பார்த்தேன். "42 மைல்! சூப்பர் அப்பா! ஆபீஸில் எல்லாரிடமும் வசூல் பண்ணிட்டேன்" என்று. கண்புரை ஆபரேஷன் வசூலுக்காக நான் சைக்கிள் மிதிக்கும் ஒவ்வொரு மைலுக்கும், நீயும் உன் கூட்டாளிகள் நாலு பேரும் ஆளுக்கு 2 டாலர் தருவதாகப் பேச்சு. அப்படியானால் மைலுக்கு 10 டாலர், மொத்தம் 420. கணக்கு சரிதான். மைல்தான் சரியில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

விடியற்காலை ஐந்தரைக்கு மாந்தளையில் கிளம்பினோம். 23 பேர். அதில் நம்ம ஆள்கள் நாலு பேர், ஒரு கூர்க்கா, மற்றவர்கள் பர்மாக்காரர்களும் சீனர்களும். முன்னால் போகிறது ஒரு டாக்டர் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். கண்புரை ஆபரேஷனுக்கு வரும் கிழவன் கிழவிகளுக்காகத்தான் இந்த வசூல் என்பதால் அவள் பேச்சுக்கு யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. டீக்கடையில் நான் ரொட்டியும் அவித்த பட்டாணியும் சாப்பிட்டோம். உங்க அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை பையில் இருந்தது. போகிக்கு வீட்டில் இல்லாமல் மலையேறப் போகிற மனுஷனுக்கு இது போதும் என்று சொல்லிக்கொண்டேதான் கட்டினாள்.

மாந்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 250 அடி, மேமியோ 3,500 அடி. நடுவில் 42 மைல். முதல் பதினாறு மைல் ஒன்றுமில்லை, கதை பேசிக்கொண்டே ஓட்டலாம். அதற்கப்புறம் ரோடு மலையில் ஏறி வளைய ஆரம்பிக்கிறது. பேச்சு நின்றுவிடும். முன்னால் போகிறவன் பின்சக்கரத்தை மட்டும்தான் பார்ப்போம்.

ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். 1970ல் இங்கே வண்டிகளை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றினார்கள் இல்லையா? ரோடுதான் மாறியது, ஸ்டியரிங் மாறவில்லை. ஓடுவது பெரும்பாலும் ஜப்பான் பழைய வண்டி, ஸ்டியரிங் வலப்பக்கமே இருக்கிறது. இத்தனை வருஷமாக அதைக் குறையாகத்தான் நினைத்திருந்தேன். ரோட்டோரம் சைக்கிளில் போகும்போதுதான் தெரிந்தது, தாண்டிப் போகிற டிரைவர் நம் தோளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்! ஒரு பிக்கப்காரர் வேகத்தைக் குறைத்து, எங்கே போறீங்க, எதுக்கு என்று எல்லாம் விசாரித்து, ஜன்னல் வழியாக இரண்டு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்னொரு வளைவில் ஒரு புத்தர் கோயில் (பகோடா) திருப்பணிக்காகப் பொண்ணுகள் வெள்ளிக் கிண்ணத்தைக் குலுக்கிக்கொண்டு நின்றார்கள். ஒலிபெருக்கி வேறு. வசூலுக்குக் கிளம்பிய நாங்கள் நின்று அவர்களுக்குப் பணம் போட்டோம். அவர்கள் எங்கள் உண்டியலில் போட்டார்கள். யாருக்கு என்ன லாபம் என்று கேட்காதே, இந்த ஊர் அப்படித்தான். நிழலில் மண்பானையும் தகரக் குவளையும் வைத்திருந்தார்கள். நம்ம கோயில் தண்ணீர்ப் பந்தல் மாதிரிதான், திருவிழா முடிந்ததும் பிரிக்கமாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

21 மைல் வந்தது. அந்த இடத்துக்குப் பெயரே அதுதான். கீழே மாந்தளைச் சமவெளி புகைமூட்டமாகத் தெரிந்தது. எல்லாரும் படம் எடுத்தார்கள். நான் மட்டும் நிற்கவில்லை. நின்றால் மறுபடி ஏறமுடியாது என்று கால் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கிருந்து அரை மைல்கூடப் போகவில்லை, ஏற்றம் செங்குத்தானது. கியரை முன்னமேயே குறைத்திருக்கவேண்டும். நான் பெடலை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே குறைத்தேன். செயின் சின்னப் பல்சக்கரத்தில் உட்காராமல் அதையும் தாண்டி உள்ளே விழுந்து, பல்சக்கரத்துக்கும் பிரேமுக்கும் நடுவில் இறுகிக்கொண்டது. பெடல் வெற்றாகச் சுழன்றது, நான் பக்கவாட்டில் புல்லில் சாய்ந்தேன். அடி ஒன்றுமில்லை. குச்சியால் நெம்பி, விரலால் இழுத்து, ஒவ்வொரு கண்ணியாக மேலே ஏற்றிவைக்கக் கால் மணி நேரம் ஆனது. கை முழுக்கக் கிரீஸ். துடைக்க வேறு துணி இல்லாமல், பையில் அம்மா மடித்து வைத்திருந்த வெளிர்நீலத் துண்டை எடுத்துத் துடைத்தேன். அப்போது யோசிக்கவில்லை.

எழுந்து ஏறினால் இரண்டு கெண்டைக்காலும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. கல் மாதிரி. நாரத்தங்காய் ஊறுகாயைச் சப்பிப் பார்த்தேன், டாக்டர் பொண்ணு கொடுத்த உப்பு சர்க்கரைத் தண்ணீரைக் குடித்தேன், ரோட்டில் உட்கார்ந்து காலை நீட்டினேன். "ஊலே (மாமா), வண்டியில ஏறுங்க" என்றாள். "யாபாடே, யாபாடே (பரவாயில்லை)" என்றேன் நான். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை, சைக்கிளைத் தூக்கிப் பின்னால் வரும் பிக்கப்பில் போட்டுவிட்டாள்.

ஐந்து மைல். வண்டியில் காய்கறி மூட்டை மாதிரி உட்கார்ந்து போனேன். எங்கள் ஆட்கள் ஒவ்வொருத்தராகத் தலை குனிந்து மிதித்துக்கொண்டிருந்தார்கள், நான் அவர்களைத் தாண்டித் தாண்டிப் போனேன். அந்தக் கூர்க்காவுக்கு 67 வயசு. கை காட்டினார். நான் காட்டவில்லை. 1964ல் கடை கையை விட்டுப் போனபிறகு உங்க தாத்தா துணி மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு பெகுச் சந்தைக்கு மிதித்தவர். அவர் சைக்கிளில் கியர் கிடையாது.

அப்புறம் இறக்கிவிடச் சொல்லி மெதுவாக ஓட்டினேன். அனிசக்கான் தாண்டியதும் காற்று ஜில்லென்று மாறிவிட்டது. மேமியோ குதிரைவண்டிகள் தெரிந்தன. மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் எல்லாரும் சேர்ந்து படம் எடுத்தார்கள், நானும் நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். நீ பார்த்தது அந்தப் படம்தான். யாரும் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கையைத் தூக்கினேன், அவ்வளவுதான். அதுதான் இராத்திரி உறுத்துகிறது.

ஆக, நான் ஓட்டியது 37. உன் கூட்டாளிகளிடம் 370 மட்டும் வாங்கு. அதிகமாக வாங்கியிருந்தால் விவரத்தைச் சொல்லித் திருப்பிக் கொடு. வெட்கப்படவேண்டியது நான், நீ இல்லை. மிச்சம் 50 டாலரை உண்டியலில் நான் போடுகிறேன். ஆபரேஷன் கணக்கில் குறைய வேண்டாம். அப்பத்தா கடைசி காலத்தில் என்னைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாள், உனக்கு ஞாபகம் இருக்கும்.

நாளைக்கு நாங்கியோவைத் தாண்டி கொக்டெய்க் பள்ளத்தில் இறங்கி ஏறவேண்டும். 1900 வாக்கில் கட்டிய ரயில் பாலம் அந்தப் பள்ளத்தை 300 அடிக்கு மேல் உயரத்தில் ஒரே நேராகக் கடந்துவிடும். ரோடுதான் அடிவரை போய்த் திரும்பி வரும். இந்தத் தடவை ஏற்றம் வருவதற்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுவேன், மிதிப்பதை லேசாக்கிக்கொண்டு. மறுபடி வண்டியில் ஏறினால் அந்தக் கணக்கும் உனக்கு வரும்.

செவ்வாய்க்கிழமை பொங்கலுக்குள் ரங்கூன் வந்துவிடுவேன். அம்மாவிடம் நானே சொல்கிறேன், ஐந்து மைலைப் பற்றி. துண்டைப் பற்றிச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. மூன்று தடவை சோப்புப் போட்டுப் பார்த்துவிட்டேன், கிரீஸ் போகவில்லை. போன வருஷம் நீ வாங்கிக் கொடுத்ததுதானே, அதே வெளிர்நீலம் அங்கே இன்னும் கிடைக்கிறதா என்று பார்.

அன்புடன்,
அப்பா