வரையாடும் புல்வெளியும்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

இங்கு அனைவரும் நலம். மகளின் படிப்பு நல்லபடியாக முடிந்ததை அறிந்து மிகவும் மகிழ்ந்தோம். நீலகிரியின் உச்சிச் சரிவுகள் வெறுமையாகக் கிடப்பதாகவும், அங்கே மரம் நட்டால் வரையாடுகளுக்கு நிழலாவது கிடைக்கும் என்றும் நீ எழுதியிருந்ததற்குச் சற்று விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன்.

வெறுமை என்று உனக்குத் தோன்றிய அந்தப் புல்வெளிதான் வரையாட்டுக்கு வாழ்விடம். அங்கே மரங்கள் இயல்பாக வளர்வது மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைகளில்தான். மற்றச் சரிவெல்லாம் புல். அதை மேய்ந்துகொண்டே, செந்நாயோ சிறுத்தையோ வருவதைத் தொலைவிலேயே கண்டு செங்குத்துப் பாறைக்குத் தாவித் தப்பும் விலங்கு அது. ஆங்கிலேயர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை என்னும் வாட்டில் மரத்தையும், கற்பூர மரம் என்னும் யூகலிப்டஸையும், விடுதலைக்குப் பின்னரும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைகளுக்கான மரக்கூழுக்காகவும் அரசே பரப்பியதில், அந்தப் புல்வெளியின் பெரும்பகுதி மறைந்தே போயிற்று. மரம் நடுவது எங்கும் நன்மையே என்ற நம்பிக்கை இந்த மலையில் பெருந்தீங்கு செய்திருக்கிறது என்பதே என் உறுதியான எண்ணம். சீகையை வெட்டினாலும் தீர்வதில்லை. அதன் விதை பல்லாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து மீண்டும் முளைக்கும்.

இமயத்திலும் வரையாடு உண்டே என்று கேட்பாய். 2005இல் வெளியான மரபணு ஆய்வு, நம் வரையாடு அதைவிடச் செம்மறி இனத்துக்கே நெருக்கமானது என்று காட்டி, தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டது. அப்பேரினத்தில் இது ஒன்றே இனம்; அதுவும் தமிழ்நாடும் கேரளமும் பகிர்ந்துகொள்ளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்கிறது. இங்கே அழிந்தால், வேறொரு நாட்டின் காட்டிலிருந்து கொண்டுவந்து விட வழியே இல்லை. 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இரு மாநிலங்களிலும் சேர்த்து 2,668 வரையாடுகள் காணப்பட்டன. தமிழக அரசு 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி நடத்தும் வரையாடு திட்டத்தில், புல்வெளி மீட்பும் இடம்பெற்றிருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

நீ மூணாறு வரும்போது வரையாடுகள் வாழும் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குச் சேர்ந்தே போவோம். குட்டி ஈனும் பருவமாதலால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. அதற்கேற்ப விடுப்பு எடுத்துக்கொண்டு எனக்கு எழுது.

அன்புடன்,
கதிரேசன்